பேக்ஸ்டர்: ரொட்டிக்காரியின் பெயர் பேரப்பிள்ளைக்கு வந்த கதை

நீங்கள் கேட்டது இது. மகள் லீட்ஸில் இருக்கிறாள், மருமகன் ஆங்கிலேயர், பிறக்கப்போவது பையன். பெயர் 'பேக்ஸ்டர்' என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். 'அது குடும்பப் பெயர் ஆச்சே, அதைப் போய்க் குழந்தைக்கு வைப்பார்களா? அர்த்தம்தான் என்ன? அங்கே நாய்க்கு வைக்கிற பெயர் என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா?' எடின்பரோவில் சில ஆண்டுகள் குடியிருந்தபோது இந்தப் பெயருக்கும் எனக்கும் கொஞ்சம் பழக்கம் ஏற்பட்டது. அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் அர்த்தம். பேக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுகிறவள். கவனியுங்கள், 'சுடுகிறவர்' இல்லை, 'சுடுகிறவள்'.

பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்பவரைச் சொல்ல இரண்டு விகுதிகள் இருந்தன. ஆணுக்கு 'எரெ', பெண்ணுக்கு 'எஸ்ட்ரெ'. நம்மிடம் குறவர், குறத்தி என்றும் இடையர், இடைச்சி என்றும் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சுடும் ஆண் 'பேக்கெரெ', பெண் 'பேக்கெஸ்ட்ரெ'. முதலாவது தேய்ந்து பேக்கர் ஆனது. இரண்டாவது தேய்ந்து பேக்ஸ்டர் ஆனது. நடுவில் இருக்கும் 'க்ஸ்' வேறெங்கிருந்தோ வந்ததல்ல, 'பேக்' என்பதன் 'க்'கும் விகுதியின் 'ஸ்'ஸும், நடுவில் இருந்த 'எ' தேய்ந்ததும், முட்டிக்கொண்டதுதான்.

இவள் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டமே உண்டு. நெய்கிறவள் வெப்ஸ்டர். பீர் காய்ச்சுகிறவள் ப்ரூஸ்டர். சாயம் போடுகிறவள் டெக்ஸ்டர். (டெக்ஸ்டர் என்று பையனுக்குப் பெயர் வைப்பவர்கள் லத்தீனில் 'வலது கை' என்று பொருள் சொல்வார்கள். லத்தீனில் அப்படி ஒரு சொல் இருப்பது உண்மைதான். ஆனால் ஆங்கிலக் குடும்பப் பெயராக வந்தது சாயக்காரியிடமிருந்து.) நூல் நூற்கிறவள் ஸ்பின்ஸ்டர். இந்த ஒருத்திக்கு மட்டும்தான் பெண் என்ற அடையாளம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவே மாறி, 2005 கடைசி வரை இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் இருந்தது. அப்புறம்தான் எடுத்தார்கள்.

சரி, 'அப்படியானால் பேக்ஸ்டர் குடும்பத்தார் ஒவ்வொருவரின் முன்னோரிலும் எவளோ ஒருத்தி ரொட்டி சுட்டிருக்கிறாள்' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஆண்களுக்கும் வந்திருக்கிறது. பைபிளின் ஆதியாகமத்தைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள், யோசேப்போடு சிறையில் கிடந்த பார்வோனின் ரொட்டிக்காரர்களைச் சொல்லும் இடத்தில் இந்தப் 'பேக்கெஸ்ட்ரெ'யைத்தான் போட்டார்கள். பார்வோனின் அரண்மனையில் பெண்கள் ரொட்டி சுட்டதாகச் சொல்ல அவர்கள் நினைக்கவில்லை. வீட்டிலும் ஊரிலும் அதுவரை பெண்கள் செய்த வேலைக்கு ஆண்கள் வந்தபோது, வேலையோடு சேர்த்துப் பெண்ணின் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள் என்பது மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். போகப்போக விகுதி பால் காட்டுவதை விட்டு வட்டாரம் காட்டத் தொடங்கியது. தெற்கே லண்டன் பக்கம் பேக்கர். வடக்கே, கிழக்கே நார்ஃபோக் பக்கம், ஸ்காட்லாந்து முழுக்க பேக்ஸ்டர். வெப்பரும் வெப்ஸ்டரும் இப்படித்தான் தெற்கு, வடக்கு என்று பிரிந்து கிடக்கிறார்கள்.

எல்லாம் 1300களில் உறைந்துபோனது. அதுவரை ஒருவரின் அடைமொழி அவரோடு போய்விடும். ரொட்டி சுடும் ஜான் 'ஜான் பேக்ஸ்டர்', அவர் மகன் கூரை வேய்ந்தால் 'தாட்சர்'. பிறகு நிலத்தை வாரிசுக்கு மாற்ற வேண்டும், 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி போட்டபோது ஆள் ஆளாகப் பெயர் எழுத வேண்டும் என்றெல்லாம் வந்ததும் அடைமொழி குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வந்துவிட்டது. அடுப்பைப் பார்த்தே இராத பேக்ஸ்டர்களும், தறியைத் தொட்டே இராத வெப்ஸ்டர்களும் அதற்குப் பிறகு வந்தவர்கள்தான்.

அந்தக் காலத்து ரொட்டித் தொழில் சாதுவான தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். ரொட்டிக்கு என்ன எடை, என்ன விலை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அரசச் சட்டம் இருந்தது. எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதை லண்டன் நகரத்தின் சட்டத் தொகுப்பாக 1419இல் எழுதப்பட்ட 'வெள்ளைப் புத்தகம்' சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டால், அந்தக் குறைந்த ரொட்டியைக் கழுத்தில் கட்டி, ஆளை ஒரு தட்டியில் போட்டு, ஊரிலேயே அழுக்கான தெருக்களாகப் பார்த்து இழுத்துப் போவார்கள். இரண்டாம் தடவை கழுத்தையும் கையையும் கட்டையில் மாட்டி ஊரார் எதிரில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். மூன்றாம் தடவை அடுப்பை இடித்துவிட்டு, இனி இந்தத் தொழிலே செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள்.

1327இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைக்கு ஏழைபாழைகள் வீட்டில் மாவு பிசைந்து எடுத்து வருவார்கள், கடையில் சுட்டுத் தருவார்கள். மாவை வைத்து உருட்டும் மேசையில் சில கடைக்காரர்கள் ஒரு ஓட்டை போட்டு, மூடியும் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே மாவை மேசையில் வைப்பார்கள். கீழே ஒளிந்திருக்கும் வேலையாள் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி இழுத்துக்கொள்வான். பிடிபட்டவர்களில் மேசைக்கடியில் மாவு கிடைத்தவர்களை, அந்த மாவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கட்டையில் நிறுத்தினார்கள். மாட்டியவர்களில் இரண்டு பெண்களும் உண்டு. 'எங்களுக்குப் புருஷன்மார் இருக்கிறார்கள், இது எங்கள் செயல் இல்லை' என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நியூகேட் சிறைக்குப் போனார்கள். லண்டன்காரிகள் என்பதால் ஊரார் அவர்களைப் பேக்ஸ்டர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது இந்த மாதிரி, தன் பெயரில் அடுப்பு எரித்த பெண்களைத்தான்.

ஸ்காட்லாந்தில் கதை கொஞ்சம் கௌரவமானது. அங்கே பேக்ஸ்டர் என்பது குடும்பப் பெயராவதற்கு முன்பும் பின்பும், ரொட்டிக்காரருக்கான சாதாரணச் சொல். பெரிய ஊர்களில் பேக்ஸ்டர்களுக்குத் தொழிற்சங்கம் மாதிரி அமைப்பு இருந்தது, சொந்த மாவு மில்லும் இருந்தது. 1568இல் கிளாஸ்கோ பக்கத்தில் லாங்சைடு என்ற இடத்தில் அரசி மேரியின் படை தோற்றது. ஜெயித்த பிரபு மரேயின் படைக்குக் கிளாஸ்கோ ரொட்டிக்காரர்கள் சோறு போட்டார்கள், அதாவது ரொட்டி போட்டார்கள். அதற்குப் பரிசாகத்தான் பார்ட்டிக் என்ற இடத்தில் மில்லுக்கு இடம் கிடைத்தது என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள்.

எடின்பரோவில் அவர்கள் விட்டுப்போன அடையாளத்தை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். நகர நடுவிலிருந்து நடந்தே போகலாம், டீன் வில்லேஜ் என்ற பள்ளத்தாக்கு. லீத் ஆறு அங்கே வேகமாக இறங்குவதால் ஒரு காலத்தில் 11 மாவு மில்கள் ஓடின. பெல்ஸ் ப்ரே என்ற செங்குத்தான கல் பாவிய சந்தில் இறங்கினால், கீழே ஒரு பழைய கட்டடம். பேக்ஸ்டர்கள் கட்டியது. வாசல் மேலே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: 'இந்த வீட்டைக் கட்டிய எடின்பரோ பேக்ஸ்டர்களைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக, 1675.' எழுத்துக்கூட்டல் எல்லாம் அந்தக் காலத்துக் கோணல். கதிர்க்கட்டு ஒன்றும் செதுக்கியிருக்கும். அந்தப் பக்கத்துச் சுவர்களில் பார்த்துக்கொண்டே நடந்தால், அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிற நீளக் காம்பு வைத்த பலகை இரண்டு குறுக்காக நிற்பதையும் பார்க்கலாம். இன்றைக்கும் பீட்சா கடையில் அதே பலகைதான். நான் முதல் தடவை போனபோது மழை. 'பேக்ஸ்டர்' என்பது ஏதோ பணக்காரக் குடும்பம், சொந்த வீட்டுக்குத் தாங்களே ஆசீர்வாதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது பெயரில்லை, தொழில் என்று பிறகுதான் உறைத்தது.

அடுத்தது உங்கள் முதல் கேள்வி: குடும்பப் பெயரை ஆள் பெயராக வைப்பார்களா? வைப்பார்கள், 450 வருஷத்துக்கு மேலாக வைக்கிறார்கள். 1605இல் வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர் ஆங்கிலப் பெயர்களைப் பற்றி எழுதும்போதே, ஞானத்தகப்பனின் குடும்பப் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் சமீபத்தில் வந்தது என்று குறித்திருக்கிறார். அதற்கும் முன்னால் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1554இல் தலை வெட்டப்பட்ட லேடி ஜேன் கிரேயின் கணவன் பெயர் கில்ஃபோர்ட் டட்லி. டட்லி அப்பா வீட்டுப் பெயர். கில்ஃபோர்ட் அம்மா பிறந்த வீட்டுப் பெயர். கல்யாணமானதும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடும் ஊரில், அதைப் பிள்ளையின் முதல் பெயராக்கி உயிரோடு வைத்திருப்பது ஒரு தந்திரம். சொத்தும் செல்வாக்கும் தாய்வழியில் வந்தால் இன்னும் கட்டாயம். பெர்சி, சிட்னி, ஸ்டான்லி, ஹோவர்ட், கிளிஃபோர்ட் எல்லாம் இப்படிக் குடும்பப் பெயராக இருந்து ஆள் பெயரானவைதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்த வழக்கம் நன்றாக வேர் பிடித்தது. ஷெர்லி என்பதும் முதலில் குடும்பப் பெயர், ஆண் பெயர். 1849இல் சார்லட் பிரான்டி ஒரு நாவலில் கதாநாயகிக்கு அதை வைத்தார். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த பெற்றோர், அவனுக்கென்று யோசித்து வைத்திருந்த பெயரைப் பெண்ணுக்குச் சூட்டியதாகக் கதை. அதற்குப் பிறகு அது பெண் பெயராகவே ஆகிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். அன்றைக்குப் பிரபுக்கள் வைத்தது பெரும்பாலும் நிலத்தின் பெயர், அரண்மனையின் பெயர். இன்றைய அலை உழைப்பாளியின் பெயர்களில் அடிக்கிறது. மேசன் என்றால் கொத்தனார், கார்ட்டர் என்றால் வண்டிக்காரர், கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர், டைலர் என்றால் ஓடு வேய்கிறவர், ஃப்ளெட்சர் என்றால் அம்பு செய்கிறவர், சாயர் என்றால் மரம் அறுப்பவர். லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தே வேலை பார்க்கிற பெற்றோர்கள்தான் இவற்றை விரும்பித் தேடி எடுக்கிறார்கள். அந்தக் கைத்தொழில்கள் தங்கள் வாழ்க்கையில் இல்லாமல் போனதால்தான் அவற்றின் பெயர் அழகாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். ரொட்டி எடைக்குப் பயந்து வாழ்ந்தவன் தன் மகனுக்கு எட்வர்ட் என்றோ ஹென்றி என்றோ ராஜா பெயரைத்தான் வைத்திருப்பான்.

பேக்ஸ்டரில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இது தமிழில் எழுதினால் தெரியாது, ஏனென்றால் நாம் இரண்டுக்கும் 'பே' என்றே எழுதுகிறோம். பேக்கர் என்பதில் வருவது 'கேக்'கில் வரும் ஒலி. பேக்ஸ்டரில் வருவது கிரிக்கெட் 'பேட்'டில் வரும் ஒலி. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் தொலைதூரம். முதலில் இரண்டிலும் ஒரே குறில்தான் இருந்தது. இடைக்காலத்தில், பின்னால் ஒற்றை மெய் வரும் இடங்களில் அந்தக் குறில் நீண்டு, பிறகு 'ஏ' ஆக மாறியது. 'க்ஸ்ட்' என்று மூன்று மெய் நெருக்கியடித்து நின்ற இடத்தில் நீள முடியவில்லை, பழைய குறில் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் பேக்கர் என்று பையனுக்கு வைத்தால் 'என்ன, பேக்கரிக்காரனா?' என்று கேட்பார்கள்; பேக்ஸ்டர் என்றால் யாருக்கும் ரொட்டி ஞாபகம் வராது. அர்த்தம் பூட்டிக் கிடக்கிறது, ஒலி மட்டும் வெளியே நிற்கிறது. அந்த ஒலியோ இன்றைய ருசிக்குப் பொருத்தமானது. மேக்ஸ், ஜேக்ஸ், நாக்ஸ், டெக்ஸ்டர் என்று 'க்ஸ்' விழும் ஆண் பெயர்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. சுருக்கிக் கூப்பிட 'பேக்ஸ்' என்று தயாராக ஒன்று இருக்கிறது. வகுப்பில் நாலு ஆலிவர் இருக்கும் ஊரில் இரண்டாவது பேக்ஸ்டர் இருக்கமாட்டான், ஆனால் எழுத்துக்கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை. கேள்விப்பட்ட பெயர், ஆனால் பக்கத்து வீட்டில் இல்லாத பெயர். பெற்றோர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், மேடிசன் என்ற பெயர் இதற்கு நேர்த் தலைகீழ். மேடிசன் என்றால் 'மாட்' என்ற பெயருடைய பெண்ணின் மகன், 'மகன்' என்பது பெயரிலேயே இருக்கிறது. 1984இல் ஒரு ஹாலிவுட் படத்தில் நியூயார்க் வந்த கடல்கன்னி ஒருத்தி தெருப் பலகையைப் பார்த்துத் தனக்கு அதை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பெண் குழந்தைகள் மேடிசன் ஆனார்கள். இந்தப் பக்கம் 'ரொட்டி சுடுகிறவள்' ஆண் குழந்தை ஆகிறாள். கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாய் விஷயத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. 2004இல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம் ஒன்றில், டிவியில் செய்தி வாசிக்கிற கதாநாயகனின் செல்ல நாய் பேக்ஸ்டர். கோபக்கார பைக்காரன் ஒருவன் அதைப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளுவதும், அது தப்பித்துத் திரும்பி வருவதும் அந்தப் படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சிகள். அந்த வயதுக்காரர்கள் ஒரு தடவை சிரிப்பார்கள். ஆனால் ஆங்கிலேயர்கள் நாய்க்கு மேக்ஸ், சார்லி, ஆல்ஃபி, டெய்சி என்றுதான் வைக்கிறார்கள், அதே பெயரில் அவர்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ இருக்கும். அங்கே அது அவமானம் இல்லை. நாய்க்கும் பிள்ளைக்கும் பெயர் எடுக்கும் பெட்டி ஒன்றுதான். இதை ஒரு குறையாக நீங்கள் எடுத்துச் சொன்னால் மருமகன் புரியாமல் விழிப்பார்.

இந்தப் பெயரோடு வருகிற ஆட்களும் மோசமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பேக்ஸ்டர் என்ற பியூரிட்டன் (கட்டுப்பாடான சீர்திருத்தக் கிறிஸ்தவர்) போதகர், அடங்காத ஆள், எழுபதைத் தொடும் வயதில் கடுமைக்குப் பேர்போன நீதிபதி ஜெஃப்ரீஸ் முன்னால் கூண்டில் நின்றவர். ஸ்காட்லாந்தில் ஃபோகபர்ஸ் என்ற சின்ன ஊரில் 1868இல் மளிகைக் கடை தொடங்கிய ஜார்ஜ் பேக்ஸ்டர், அவர் மனைவி பின்கட்டில் காய்ச்சிய ஜாம். அந்தக் குடும்பத்தின் சூப் டப்பா இன்றும் பிரிட்டிஷ் கடைகளில் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் பைகளின் மேல் நாம் பார்த்திருக்கும் பேக்ஸ்டர் வேறு, 1931இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் பெயரில் தொடங்கிய கம்பெனி. ஆனால் ஸ்காட்லாந்துக்காரரிடம் பேக்ஸ்டர் என்று சொன்னால் கால்பந்துக்காரர் ஜிம் பேக்ஸ்டர்தான் முதலில் வருவார். 1967இல் வெம்ப்ளி மைதானம். உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 3க்கு 2 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிடாமல் காலால் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டினார். மருமகன் இங்கிலாந்துக்காரர் என்கிறீர்கள், இந்தக் கதையை அவரிடம் சொல்லும் நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் கவனிக்க இரண்டு விஷயம்தான். ஒன்று, பின்னால் வரும் குடும்பப் பெயர். அதுவும் 'டர்', 'க்கர்' என்று முடிந்தால் காதுக்கு இடிக்கும். பேக்ஸ்டர் பார்க்கர், பேக்ஸ்டர் வெப்ஸ்டர் எல்லாம் வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கும். பேக்கர் என்பது குடும்பப் பெயரானால் ரொட்டிக்காரி ரொட்டிக்காரன். ஓரசையில் முடியும் குடும்பப் பெயர் என்றால் நன்றாக உட்காரும். இரண்டாவது நம் பக்கத்துச் சிக்கல். ஆங்கிலம் தெரிந்த நம் ஊர் குமாஸ்தா யாராவது படிவத்தில் பேக்ஸ்டரைப் பார்த்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் தூக்கிப் போடுவார். எந்தப் பெயர் எந்தக் கட்டம் என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். இனிஷியலோடு அல்லாடிய நமக்கு இது புதுசா என்ன. நடுப்பெயராக ஒரு தமிழ்ப் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அங்கே நடுப்பெயர் என்பது இதற்காகவே இருக்கிற இடம். சின்னதாக இருந்தால் நல்லது: கதிர், அமுதன் போல. கதிர் என்றால் நெற்கதிர், கோதுமைக் கதிர் இரண்டும் ஆச்சு, டீன் வில்லேஜ் கல்லில் இருப்பதும் அதுதான்.

இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருக்கிறது. அதனால் பிரசவத்துக்கு முன்னால் அவசரப்பட்டு வாதாட வேண்டாம். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு நீங்களே நாலு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் ஊர்க்காரர்கள் கடைசி 'ர்'ஐ விழுங்கி 'பேக்ஸ்ட' என்பார்கள், நீங்கள் 'ர்'ஐ அழுத்தித்தான் கூப்பிடுவீர்கள். குழந்தை இரண்டுக்கும் திரும்பும்.